எந்த ஹாரிஸ்?

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், பிரசவ வார்டில் எல்லோருமாகச் சேர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் அவன் மனைவியும் ஒருத்தி.

அவன் அதே மருத்துவமனையின் முன் கேட்டில் காவலாளி. தேநீர் இடைவேளையில் இன்னொருவனை நிற்க வைத்துவிட்டுச் சீருடையோடு மாடியேறி வந்திருந்தான். நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு, அக்குளில் இடுக்கிய தொப்பி. ஆறு கட்டில் போட்ட வார்டு அது. மனைவியின் கட்டிலைச் சுற்றி அவள் பிறந்த வீடே கூடியிருந்தது. தலைமாட்டில் அவள் அம்மா, கால்மாட்டில் அண்ணி. இருந்த ஒரே ஸ்டூலில் அண்ணன்.

அண்ணனை ஊரே டைல்ஸ்காரர் என்றுதான் சொல்லும். அந்த மருத்துவமனையின் தரை, சுவர், கழிப்பறை எல்லாம் அவர் கடைச் சரக்கு. நடக்கும்போதே செருப்பு நுனியால் தரையைத் தட்டி, எங்கே அடியில் பொள்ளல் விழுந்திருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார். பாட்டில் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த தங்கை புருஷன், தொழிற்சாலையை மூடியபின் வீட்டில் குந்தியிருந்தபோது, நிர்வாகியிடம் ஒரு வார்த்தை சொல்லி இந்தக் கேட்டு வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவர்களையும் மறக்கவிட்டதில்லை.

"பேரு மாலிக்," என்றார் டைல்ஸ்காரர், குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டு. "நான் முடிவு பண்ணிட்டேன். முதலாளின்னு அர்த்தம்."

"நாங்க வேற பேரு நினைச்சு வச்சிருக்கோம் மச்சான்," என்றான் காவலாளி. "ஹாரிஸ்."

அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது அவன்கூட இல்லை, அவள். பள்ளிச் சீருடைக் கடையில் அளவெடுக்கிற வேலை அவளுக்கு. பையன்களைக் கூட்டி வரும் அம்மாக்கள் "ஹாரிஸ், நேரா நில்லுடா", "ஹாரிஸ், கையைத் தூக்கு" என்று அதட்டுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் அவள் காதில் ஒட்டிக்கொண்டது. சின்னப் பெயர். யாரும் அதைச் சுருக்கவும் முடியாது, இழுத்துக் கெடுக்கவும் முடியாது. வயிற்றில் கை வைத்து அவளே எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். அர்த்தம் என்ன என்று இருவருமே யோசிக்கவில்லை.

"ஹாரிஸா? அப்படின்னா என்ன அர்த்தம்?"

"நல்ல அர்த்தம்தான் மச்சான்."

"நல்ல அர்த்தம்னா? அர்த்தம் தெரியாம பேரு வைக்கிறதுக்கு அவன் என்ன நாய்க்குட்டியா?" டைல்ஸ்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைத் தட்டினார். "இந்தா, போட்டிருக்கான். ஹாரிஸ். அரபுப் பேரு. ஆண் குழந்தை. அர்த்தம்..." போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து மறுபடி பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "காவல்காரன்!"

அவருடைய பார்வை மாப்பிள்ளையின் விசில் கயிற்றில் போய் நின்றது. எல்லோர் பார்வையும் கூடவே போனது.

"மாப்பிள்ளை! பையன் இன்னும் கண்ணையே முழுசா முழிக்கல. அதுக்குள்ள வேலை போட்டுக் குடுத்துட்டீங்களே! விசிலும் இப்பவே ஒண்ணு வாங்கிடுவோமா, இல்ல பல்லு முளைக்கட்டுமா?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்தினாள். பக்கத்துக் கட்டில்காரி வெளிப்படையாகவே சிரித்தாள். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போதும் அண்ணே, தையல் இழுக்குது," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பேர்லயாவது அவன் முதலாளியா இருந்துட்டுப் போகட்டும் மாப்பிள்ளை," என்று முடித்தார் டைல்ஸ்காரர்.

காவலாளி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

வேலை முடிந்து திரும்பி வந்தபோது கட்டிலருகே யாரும் இல்லை. மனைவி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயும் சிரிச்சே," என்றான்.

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்குன்னு கொலைக் குத்தம் மாதிரி வந்து நிக்கிறீங்க?"

"எதைப் பாத்து வந்துச்சு சிரிப்பு? பேரைப் பாத்தா, என்னைப் பாத்தா?"

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "வேற பேரு பாக்கலாம்ங்க. எனக்கே இப்ப அது ஒரு மாதிரி இருக்கு. கூப்பிடுற நேரமெல்லாம் அண்ணன் சொன்னதுதான் ஞாபகம் வரும்."

"அப்ப ஹாரிஸ்தான்."

"என்னது?"

"ஹாரிஸ்தான் பேரு. இனிமே மாத்தறதா இல்ல."

"உங்க வீம்பைக் காட்ட என் பிள்ளைதான் கிடைச்சானா?"

"உன் பிள்ளைக்கு அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டு வந்தது நீதான்," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். குழந்தையைத் தூக்கக்கூட இல்லை.

மறுநாள் எதிர்க் கட்டில்காரிக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தாள். அரபு நாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே நின்று பேசுவது அவள் வேலை. நடுத்தர வயது, கழுத்தில் அட்டை, எப்போதும் அவசரம். அவள் வேலை முடிந்து கிளம்பும்போது காவலாளியின் மனைவி கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு நிமிஷம். ஹாரிஸ்னா காவல்காரன்னுதான் அர்த்தமா?"

"எந்த ஹாரிஸ்?"

"ஏன், எத்தனை இருக்கு?"

"ரெண்டு இருக்கு," என்று மொழிபெயர்ப்பாளர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நம்ம வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். தமிழ்ல எழுதினாலும் ஒண்ணுதான். அரபுல கடைசி எழுத்து வேற. ஒண்ணு சாதாரண 'ஸ்'. அது காவல் காக்கிறவன். கோல்கீப்பருக்குக்கூட அவங்க அந்தச் சொல்லைத்தான் சொல்றாங்க. இன்னொண்ணு, நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவுல வச்சுச் சொல்ற எழுத்து. உஸ்மான்னு நாம சொல்றோமே, அதுல வர்றதும் அதுதான். நமக்கு அந்தச் சத்தம் வராது, அதனால 'ஸ்' ஆக்கிட்டோம். அந்த ஹாரிஸுக்கு உழுகிறவன், பாடுபட்டுச் சம்பாதிக்கிறவன்னு அர்த்தம். ரொம்பப் பழைய பேரு. இஸ்லாம் வர்றதுக்கு முன்னாடியே அங்க ராஜாக்களுக்கு அந்தப் பேரு இருந்திருக்கு. சிங்கத்துக்குக்கூட அதை வச்சு ஒரு பட்டப்பேரு உண்டு."

"ராஜாவா?" என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ராஜாதான். இப்ப எல்லா நாட்டுலயும் இந்தப் பேரு ஓடுது. கூப்பிட லேசா இருக்குல்ல. ஆனா வைக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு, தான் வச்சது எந்த ஹாரிஸ்னு தெரியாது. நீங்களாவது கேட்டீங்க."

அவள் போன பிறகு, அவன் மேலே வரும்வரைகூட மனைவிக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டு வரவழைத்தாள். கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். ராஜா, சிங்கம், உழைப்பாளி. "அண்ணன் மூஞ்சியில அப்படியே கொண்டு போய் அடிங்க! நாங்க வைக்கிறது அந்த ஹாரிஸ் இல்ல, இந்த ஹாரிஸ்னு சொல்லுங்க. இங்கிலீஷ்ல எழுதும்போது கடைசியில வேற மாதிரி எழுதிட்டாப் போச்சு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கேட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்யூரிட்டி, ஹலோ, யோவ், இந்தாப்பா. அதற்கெல்லாம் அவன் கவலைப்பட்டதில்லை. வேலை வேலைதான். வெயிலில் நின்று, வருகிற வண்டியைப் பார்த்து, போகவேண்டியதை விட்டு, கூடாததை நிறுத்தி, மாலையில் கால் வீங்கி வீட்டுக்குப் போவான். அது கேவலம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. இந்த வார்டில் அவர்கள் சிரித்த பிறகுதான் தோன்றியது. இப்போது அர்த்தத்தை மாற்றிக்கொண்டால், அவர்கள் சிரித்தது சரி என்று ஆகிவிடும்.

"காவல்காரன்னு அர்த்தம் வர்ற ஹாரிஸ்தான்," என்றான்.

"உங்களுக்குப் பைத்தியமா? நல்ல அர்த்தம் சும்மா கிடைக்குது, வேண்டாங்கிறீங்க!"

"இதுக்கென்ன கெட்ட அர்த்தம்? திருடன்னா போட்டிருக்கான்? கொலைகாரன்னா போட்டிருக்கான்?"

"என் பிள்ளையை நாலு பேரு கேலி பண்ணணும். அதானே உங்களுக்கு வேணும்?"

"நாலு பேருல முதல் ஆளு நீதான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அப்ப அந்தப் பேரை நீங்களே வச்சுக்கங்க. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்கும்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவன் போனதும் அண்ணனுக்குப் போன் செய்து, "மாலிக்னே வச்சுக்கங்க, என்னமோ பண்ணுங்க," என்றாள்.

வீட்டுக்குப் போகச் சொன்ன நாளில் டைல்ஸ்காரர் காரோடு வந்தார். காவலாளியின் வீட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் கொஞ்ச நாள் அம்மாவோடு அண்ணன் வீட்டில் இருப்பதாக முன்பே பேச்சு.

முன் கேட்டில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தடுப்புக் கம்பு ஒன்று உண்டு. ஆம்புலன்சுக்கு மட்டும் அதைக் கேட்காமலே தூக்குவார்கள். மற்றவர்கள் பக்கத்து நிறுத்துமிடத்துக்குப் போகவேண்டும். நோயாளியை அழைத்துப் போக வந்த கார் என்றால், வார்டில் கொடுக்கும் சீட்டைக் காட்டினால் விடுவார்கள். தெரிந்தவர் வந்தால் காவலாளிகள் கம்பைத் தூக்கிவிட்டுச் சீட்டைப் பிறகு வாங்கிக்கொள்வதும் வழக்கம்தான். அன்றைக்கு அவன் அப்படிச் செய்யவில்லை.

"சீட்டு மச்சான்," என்றான் கார் ஜன்னலில் குனிந்து.

"என்ன சீட்டு?"

"வார்டுல டிஸ்சார்ஜ் சீட்டு குடுப்பாங்க. காட்டினா கம்பைத் தூக்குவேன்."

"என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக எனக்குச் சீட்டா?"

"எல்லாருக்கும்தான்."

டைல்ஸ்காரர் காரை அணைத்துவிட்டு இறங்கினார். அதுவரை 'நீங்க', 'வாங்க' என்று இருந்த பேச்சு அங்கேயே கழன்று விழுந்தது. "நீ யாருகிட்ட பேசிட்டிருக்கேன்னு தெரியுதா? அந்தத் தொப்பியை உன் தலையில வச்சதே நான்தாண்டா."

"அதனாலதான் ஒழுங்கா வேலை பாக்கறேன். சீட்டு."

"மாலிக்கைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். தூக்கு கம்பை."

"மாலிக்கா? அப்படி யாரும் இங்க அட்மிட் ஆகலையே."

மருந்துக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டைல்ஸ்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. "அட்மிட் ஆகலையா? போய் உன் பொண்டாட்டியக் கேளு. மாலிக்னு வச்சுக்கங்கன்னு அவளே போன் பண்ணிச் சொல்லிட்டா. உன் பேச்சுக்கு உன் வீட்டுலயே மதிப்புக் கிடையாது, கேட்டுல வந்து அதிகாரம் பண்றே. என் மருமகனுக்கு வாட்ச்மேன் பேரு வைக்க எவனையும் விடமாட்டேன்."

காவலாளி முகப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று அவன் நினைக்கவே இல்லை.

அப்போது காரின் பின் கண்ணாடி இறங்கியது. அண்ணி எட்டிப் பார்த்தாள். "மாலிக்குங்கிறதும் அதுதானேங்க," என்றாள், உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "நரகத்து வாசல்ல காவல் நிக்கிற மலக்குக்கு அதுதானே பேரு. அதுவும் வாட்ச்மேன்தானே."

நரகத்தைக் காக்கும் வானவரின் பெயர் அது என்பது டைல்ஸ்காரருக்கும் தெரியும். சின்ன வயதில் ஓதியதுதான். முதலாளி என்ற அர்த்தத்தின் பளபளப்பில் அது மறந்துபோயிருந்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கண்ணாடி தானாக மேலேறிவிட்டது.

காவலாளி சிரித்துவிட்டான். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. வார்டில் வாங்கியதெல்லாம் சேர்ந்து வெளியே வருவதுபோல், கம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். டைல்ஸ்காரரின் கை ஓங்கியது. கன்னத்துக்கு வந்த அடி அவன் விலகியதில் தொப்பியில் பட்டது. தொப்பி தெறித்து இரண்டடி தள்ளி விழுந்தது.

மருத்துவமனை முகப்பில், சக்கர நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மனைவி அதைப் பார்த்தாள். கூட நின்ற ஆயா நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டாள்.

உள்ளேயிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு கம்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. காவலாளி குனிந்து தொப்பியை எடுத்தான். முழங்காலில் ஒருமுறை தட்டித் தலையில் வைத்தான். விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினான். "வண்டியைப் பின்னால எடுங்க சார். ஆம்புலன்ஸுக்கு வழி விடுங்க. வரலாம், வரலாம், இன்னும் வரலாம்." அத்தனை பேர் பார்க்க, டைல்ஸ்காரர் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே போகவேண்டியிருந்தது.

பிறகு சீட்டு வந்தது, கம்பு உயர்ந்தது, அவள் ஏறினாள். கார் கேட்டைத் தாண்டும்போது அவனும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே காவல் நிறுவனத்தின் சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரியில உன்னை வேண்டாம்னுட்டாங்கப்பா. மேலிடத்துல யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. நான் என்ன பண்ண?" ஊருக்கு வெளியே மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் கேட்டுக்கு அவனை மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். நாளெல்லாம் லாரிகளுக்குக் கதவைத் திறப்பதும் மூடுவதும். துவைத்தும் போகாத வாடை சீருடையில் ஏறியது.

டைல்ஸ்காரரின் வீடு கடைக்கு மேலேயே இருந்தது. அங்கே குழந்தைக்கு மாலிக் என்றே பெயர் ஆகிவிட்டது. "மாலிக் பால் குடிச்சானா", "மாலிக் துணியைக் காயப் போடு". அவள் மட்டும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. குழந்தை என்றாள், தங்கம் என்றாள், டேய் என்றாள். போனில் புருஷனோடு பேச்சு இரண்டு வரியைத் தாண்டாது.

"ஹாரிஸ் தூங்கறானா?"

"குழந்தை தூங்குது."

"சரி, வைக்கிறேன்."

வேலையைப் பறித்தது யார் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஆனால் அவன்மேல் இருந்த கோபம் அதனால் குறையவில்லை. ஒரு சீட்டுக்காக வீதியில் மானத்தை வாங்கியவன்தானே அவன்.

அண்ணனிடம் ஒரு கதை உருவாகியிருந்தது. குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம் முதலில் சொன்னார். "இவன் அப்பன் இவனுக்கு என்ன பேரு வைக்கப் பாத்தான் தெரியுமா? வாட்ச்மேன்! நல்ல வேளை, நான் புகுந்து காப்பாத்தினேன்." வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்கு உதட்டை இழுத்தாள். அடுத்த முறை கதையில் விசில் சேர்ந்தது. அதற்கடுத்து, பிறந்த குழந்தைக்கு அப்பன் சல்யூட் அடிக்கச் சொல்லிக் கொடுத்தான் என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் குழந்தையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னார். இவன் வளர்ந்தாலும் சொல்வார், இவன் பள்ளிக்கூடம் போனாலும் சொல்வார், இவன் கல்யாணத்திலும் சொல்வார் என்று அவளுக்கு ஒருநாள் திடீரென்று உறைத்தது. மாலிக் என்று பெயர் வைத்தாலும் இவன் வாட்ச்மேன் கதையிலிருந்து தப்பமுடியாது. வார்டில் அன்று சிரித்து அந்தக் கதையைத் தொடங்கி வைத்தது தான்தான் என்பதும் கூடவே உறைத்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு பிற்பகல் குழந்தையைக் கொஞ்சம் காற்றாட வைக்கலாம் என்று படியிறங்கினாள். படி, கடையின் பின்பக்கம் மாதிரிப் பலகைகள் அடுக்கிய இடத்தில் முடியும். முன்னால் அண்ணன் யாரோ கட்டிடக்காரர்களுக்கு டைல்ஸ் காட்டிக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுச் சண்டையும் இப்போது கதைக்குள் வந்திருந்தது.

"விட்டேன் பாருங்க ஒண்ணு! தொப்பி உருண்டு நேரா ஆம்புலன்ஸ் சக்கரத்துக்கு அடியில போயிடுச்சு. நம்ம ஆளு நாலு கால்ல தவழ்ந்து போய், அழுதுக்கிட்டே..."

"அண்ணே." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தொப்பி உருளல. அவர் தவழவும் இல்ல, அழவும் இல்ல. விழுந்த இடத்துலயே எடுத்துத் தட்டி மாட்டிக்கிட்டாரு. உங்க காரைத்தான் பின்னால எடுக்க வச்சாரு."

கட்டிடக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் தங்கை என்ற நினைப்பே இல்லை.

"மேல போ."

"பொய் சொல்லாதீங்க அண்ணே."

"மேல போன்னு சொன்னேன். என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா? நாளைக்குப் பதிவு ஆபீசுக்குப் போறோம். மாலிக்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டு வர்றே. அதுக்கப்புறம் உன் புருஷனை எங்க வேணும்னாலும் போய்க் காவல் நிக்கச் சொல்லு."

அவள் மேலே வந்து குழந்தையைப் படுக்க வைத்தாள். அண்ணி வந்து பக்கத்தில் துணி மடித்தாள்.

"என்னை வச்சும் ஒரு கதை சொல்லுவாரு, தெரியும்ல?" என்றாள். "கல்யாணமாகி வந்த புதுசுல ஷோரூம் பாத்ரூமை நிஜ பாத்ரூம்னு நினைச்சுத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்னு. நான் தாழ்ப்பாளே போடல. கைகழுவலாம்னு உள்ள எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான். என் பிள்ளைங்க இப்ப அதை என்கிட்டயே சொல்லிச் சிரிக்குதுங்க."

அந்தக் கதையைக் கேட்டு அவளும் பலமுறை சிரித்திருக்கிறாள்.

மறுநாள் அண்ணன் கடை திறக்கக் கீழே இறங்கியதும், அவள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுப் படி வழியாக வெளியேறினாள். அம்மா தடுத்தாள். "அண்ணன் வந்தா நான் என்னடி சொல்லுவேன்?" "அவ போயிட்டான்னு சொல்லு," என்றாள்.

பதிவு அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் எழுத்தர். மூக்கு அடைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"குழந்தையோட பேரு?"

"ஹாரிஸ்."

"இன்னொரு ஹாரிஸா? காலையிலதான் ஒண்ணு போட்டேன். எல்லாரும் எங்கேருந்துதான் இதையே பிடிச்சுட்டு வர்றீங்களோ." விரல் விசைப்பலகைமேல் நின்றது. "இங்கிலீஷ்ல கடைசியில எஸ்ஸா, டிஹெச்சா?"

"உங்களுக்கும் தெரியுமா அது?"

"போன வாரம் ஒரு ஆளு நின்னுக்கிட்டு முழுசாப் பாடம் எடுத்தாரு. ஒண்ணு ராஜாவாம், ஒண்ணு காவலாம். உங்களுக்கு ராஜாவா போடவா? நிறையப் பேரு அதைத்தான் கேக்கறாங்க."

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ராஜா யாருக்குத்தான் கசக்கும். டிஹெச் என்று சொன்னால் அண்ணன் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அப்புறம் ஒவ்வொருவரிடமும், 'இது அந்த ஹாரிஸ் இல்லைங்க, வேற ஹாரிஸ்' என்று விளக்கிக்கொண்டே இருக்கவேண்டும். இவன் அப்பன் செய்யும் வேலையை மறைத்து வைக்கிற வேலை அது. அதைக் காலம் முழுக்கச் செய்ய அவளால் ஆகாது.

"எஸ்," என்றாள்.

"நல்லா யோசிச்சுக்கங்க. பின்னால மாத்தறது பெரிய அலைச்சல்."

"எஸ்ன்னு போடுங்கம்மா!" என்று அவள் கத்திய கத்தலில் பின்வரிசைக் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது.

புருஷனுக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவன் கையில் இஸ்திரிப் பெட்டி. அறை முழுக்க நனைந்த துணியின் சூட்டு வாடையும், அதற்கு அடியில் மீன் வாடையும். அவள் உள்ளே வந்து குழந்தையைப் படுக்கையில் போட்டாள்.

"பேரு பதிஞ்சுட்டேன். ஹாரிஸ். எஸ்தான் போட்டிருக்கு."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "யாரு கேட்டா உன்னை? மாலிக்னு வச்சுக்கங்கன்னு போன் பண்ணினவதானே நீ?"

"பண்ணினேன். அதுக்கென்ன இப்ப?"

"இப்ப எதுக்குத் திடீர்னு பாசம்?"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணன்மேல இருக்கிற ஆத்திரத்துல போட்டேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. அன்னிக்குக் கேட்டுல நீங்க பண்ணினதும் அசிங்கம்தான். பச்சை உடம்புக்காரி வெயில்ல உக்காந்திருக்கேன், நீங்க சீட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

"நீ வார்டுல சிரிச்சது அசிங்கம் இல்லையா?"

"அசிங்கம்தான்!" என்று அவளும் கத்தினாள். "அதை ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டப் போறீங்களா?"

"காட்டுவேன்."

"அப்ப நானும் இந்தச் சீட்டைச் சொல்லிக் காட்டுவேன்."

"காட்டு."

சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அவன்தான் முதலில் தூக்கினான். தூக்கத் தெரியாமல், தலையைத் தாங்காமல் தூக்கினான். அவள் அவன் கையைப் பிடுங்காத குறையாகச் சரிசெய்தாள். "கழுத்து இன்னும் நிக்கல. கேட்டுக் கம்புன்னு நினைச்சீங்களா, அப்படித் தூக்கறதுக்கு?" அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையை மாற்றிப் பிடித்தான்.

இரண்டு நாளில் டைல்ஸ்காரரின் சரக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. அவளுடைய துணி, குழந்தையின் துணி, பால் புட்டி, தலையணை எல்லாவற்றையும் டைல்ஸ் பெட்டிகளில் அடைத்துத் தெருவிலேயே இறக்கினார்கள். இனிமேல் அந்தப் படியை மிதிக்கவேண்டாம் என்று அண்ணன் சொல்லச் சொன்னதாக ஓட்டுநர் சொன்னான். அம்மாவிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. கடைசியாக இறங்கியது ஒரு தொட்டில் கட்டில். அண்ணன் ஆசையாகச் செய்யச் சொன்னது, நல்ல தேக்கு. தலைப்பக்கப் பலகையில் மாலிக் என்று பெரிய எழுத்தில் செதுக்கி, அரக்கு பூசியிருந்தது. அதை அங்கே வைத்துக்கொள்ளவும் அவருக்கு மனம் இல்லை.

"திருப்பி அனுப்பிடு," என்றான் அவன்.

"எதுக்கு? பிள்ளை தரையில படுக்கறான். மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அந்தப் பேரு என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அப்ப நீங்க வெளிய நில்லுங்க. கட்டில் உள்ள வரும்."

அவன் அவளை முறைத்தான். அவளும் முறைத்தாள். பிறகு அவன் ஒரு பக்கம் பிடித்தான், அவள் தையல் வலியைக் காட்டிக்கொள்ளாமல் மறுபக்கம் பிடித்தாள். வாசல் குறுகல். சாய்த்து, நிமிர்த்தி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்து மூலையில் போட்டார்கள். செதுக்கிய எழுத்துகள் சுவரைப் பார்த்திருக்கும்படி அவன் கட்டிலைத் திருப்பிவிட்டான். அவள் விரிப்பைப் போட்டாள்.

"ஹாரிஸ்," என்று கூப்பிட்டுப் பார்த்தாள், வார்டை விட்டு வந்தபின் முதல் முறையாக. குழந்தை கொட்டாவி விட்டது.

"கதவைச் சாத்துங்க," என்றாள் புருஷனிடம், திரும்பிப் பார்க்காமலேயே. "தெருவே வேடிக்கை பாக்குது."

அவன் போய்ச் சாத்தினான்.